பச்சை மையில் மூன்று குறிப்புகள்

முன்னாள் எம்பியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனை இருக்கும். ஜும்ஆவுக்கு வந்தாலும் இருக்கும், மையத்து வீட்டுக்கு வந்தாலும் இருக்கும். ஒருமுறை கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது அது நழுவி இறைச்சிக் கறிக்குள் விழுந்தது. கழுவித் துடைத்து அங்கேயே செருகிக்கொண்டார். நான் எழுத்துத் தெரியாதவன். ஆனாலும் அந்தப் பச்சையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

காரணம் எங்கள் வயல்வெளி. வட்டை என்போம். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்க்கும் வட்டவிதானை நான். வட்டைக்கும் ஊருக்கும் நடுவே ஆறு. பாலம் இல்லை. அறுத்த நெல் அக்கரையில் தோணிக்குக் காத்துக் கிடக்கும். மழை பிடித்தால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். அந்தப் புளித்த மணம் மூக்கை விட்டுப் போக நாளெடுக்கும். அதனால் அவர் முதன்முதல் வென்ற கையோடு, மருமகனைக் கொண்டு பாலம் கேட்டு ஒரு கடிதம் எழுதுவித்து, கைநாட்டு வைத்துக் கொண்டுபோனேன்.

நான் அவருக்கு மூத்தவன், காக்கா. அதுவரை அவர் எனக்குத் தம்பி. அன்றிலிருந்து எம்பி.

"செய்வம் காக்கா, இன்ஷா அல்லாஹ்" என்றவர் கடிதத்தின் ஓரத்தில் பச்சையில் எழுதித் திருப்பித் தந்தார். "இத கந்தோர்ல குடுங்க."

கந்தோரில் இருந்த அதிகாரிகள் வாசித்துவிட்டு, அவர்களும் திருப்பித் தந்தார்கள். அப்போது அவர் எதிர்க்கட்சி. பிறகு அரசாங்கப் பக்கம் தாவினார். ஊரே வெடி கொளுத்தியது. பாலம் வந்துவிட்டது என்று நானும் கொளுத்தினேன். அதே கடிதத்தில் இரண்டாவது குறிப்பு விழுந்தது. பிரதி அமைச்சரானதும் மூன்றாவது.

"ஓரம் நிறைஞ்சிட்டு காக்கா. அடுத்த முற புதுக் கடிதம் கொண்டாங்க" என்று சிரித்தார்.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் மனைவி மௌத்தான அன்று முதல் ஆளாக வந்து, கபுறடி வரைக்கும் நடந்தவர். அதற்காகவே ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்கே போட்டேன். என் மீதே எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

தோற்ற பிறகு அவர் எங்கள் வட்டையில் வயல் வாங்கினார். போன கிழமை, மழை விட்ட காலையில், காரில்லாமல் நடந்தே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம்.

"மூட்டைக்குள்ள முளைச்சிட்டு காக்கா. எல்லாம் போச்சு. பாலம் ஒண்டு கேட்டுப் புது எம்பிக்கு எழுதியிரிக்கன். வட்டவிதான எண்டு நீங்க கைநாட்டு வைங்க."

நான் உள்ளே போய்ப் பழைய கடிதத்தை எடுத்து வந்தேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியா தம்பி. ஓரத்துல என்ன இரிக்கி எண்டு வாசிங்க."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தத் 'தம்பி' தானாக வந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டார். "'இந்த அரசாங்கம் செய்ய மறுக்கிறது.'" விரல் அடுத்த குறிப்புக்கு நகர்ந்தது. "'அரசாங்கத்துடன் பேசப்படும்.'" மூன்றாவதை வாய்க்குள் வாசித்தார்.

"சத்தமா."

"'பேசப்பட்டது.'"

"ஆரோட பேசின?"

"ஒருத்தரோடயும் இல்ல காக்கா."

ஓரத்தில் கிடப்பது பாலம் வரும் வழி என்று நம்பி, மருமகனிடம்கூட வாசிக்கக் கொடுக்காமல், இத்தனை காலம் அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அக்கரையில் என் மூட்டைகளும் கிடந்தன.

புதுக் கடிதத்தில் பெருவிரலை அழுத்தினேன். அவர் கை பழக்கத்தில் பேனையோடு ஓரத்துக்குப் போனது. பிடித்துக்கொண்டேன்.

"அங்க ஒண்டும் எழுதாதீங்க. கீழ, என்ட கைநாட்டுக்குக் கீழ, உங்கட பேரப் போடுங்க."

போட்டார். பச்சை மையில்தான்.