சலவைக்கடை முத்திரை

என் அக்கா சலவைக்கடை நடத்தினாள். வெளுப்பதும் தேய்ப்பதும் அவள் கணவரான மாமாவின் வேலை. துணியை வாங்கி, கறை பார்த்து, பைகளைத் துழாவுவது அக்காவின் வேலை. பைகளில் சீப்பு, மாத்திரை, பஸ் டிக்கெட் எல்லாம் கிடைக்கும். வெளிநாட்டுக் கடித உறை கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பசியே எடுக்காது. துணிக்காரர் வந்ததும், "சார், கடிதம் உங்களுக்கு, ஸ்டாம்பு எனக்கு. சரிதானே?" என்று கேட்ட பிறகுதான் கத்தரியை எடுப்பாள். மறுத்தவர்கள் குறைவு.

அவள் ஆல்பத்தில் நாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு தபால்தலை. அதுவும் தபாலில் பயணம் செய்து முத்திரை வாங்கியதாக இருக்க வேண்டும். கடையில் புதிதாக விற்பதை அவள் தொடமாட்டாள். "முத்திரை விழாத ஸ்டாம்பு வேலைக்குப் போகாத மாப்பிள்ளை மாதிரிடி. பார்க்க லட்சணமா இருக்கும், அவ்வளவுதான்."

போன மாதம் அவள் இறந்தபின் மாமா ஆல்பத்தை என்னிடம் கொடுத்தார். அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டேதான் புரட்டினேன். ஒரு பக்கம் வந்ததும் சிரித்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஆல்பத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. கடல் நடுவே கடுகளவு தீவு நாடு. அங்கிருந்து யாருக்குக் கடிதம் வரும்? அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கடைக்குள் சாதாரணமாகத்தான் இருந்தாள். மாமாவுக்குத்தான் கை ஓடவில்லை. இரண்டு சட்டைகளைக் கருக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவர் ஒரு தபால்தலையை நீட்டினார்.

"ஒரு கோட்டுப்பையில இருந்துச்சு. அந்தத் தீவுதான். முத்திரையும் இருக்கு பாரு."

அக்கா அதை இடுக்கியால் எடுத்து, கறை பார்க்கும் லென்சுக்கு அடியில் வைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முத்திரையின் வளைந்த ஓரத்தில் எங்கள் கடைப் பெயரில் பாதி. ரசீதில் குத்தும் ரப்பர் முத்திரை!

"என்னங்க, அந்தத் தீவுல நாம எப்போ கிளை திறந்தோம்?"

நான் சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மாமா சிரிக்கவில்லை.

"காசு குடுத்துப் புதுசா வாங்கினேன். நீ ஒத்துக்க மாட்டேன்னுதான்..."

அக்காவின் முகம் மாறியது. "அப்போ நான் திரும்பி வரமாட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"சீச்சீ, என்ன பேச்சு இது!"

"பின்னே எதுக்கு இந்த அவசரம்? பக்கம் காலியா கிடக்கட்டும். நான் வந்து நிரப்புறேன்." தபால்தலையை அவர் சட்டைப்பையிலேயே போட்டாள். என் பக்கம் திரும்பினாள். "காலேஜ் படிச்சு என்னத்தக் கிழிச்சே? உட்காரு. அந்த ஊர் போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு லெட்டர் எழுது."

"அவரை நமக்குத் தெரியாதேக்கா!"

"எழுதினா தெரிஞ்சுட்டுப் போறாரு. பதில் போடச் சொல்லு, என்ன எழுதினாலும் சரி. ஸ்டாம்பு ஒட்டணும். முத்திரையை ஓரமா குத்தணும், மூஞ்சியில வேண்டாம்."

அப்படியே எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி அவளே பெட்டியில் போட்டாள்.

அக்கா திரும்பி வந்தாள். வந்தவள் ஆல்பத்தைத் தொடவில்லை. மாமா தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்து, "காலரெல்லாம் என்ன இப்படி?" என்று ஆரம்பித்தாள். மாமாவுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

பதில் வர மாதங்கள் ஆயின. ஒரே வரி: "இங்கே நல்ல மழை, உங்கள் கடிதம் நனையாமல் வந்தது." முத்திரை சரியாக ஓரத்தில் விழுந்திருந்தது. அக்கா உறையின் மூலையை வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தபால்தலை தானாகக் கழன்று வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும் இடுக்கியை மாமாவிடம் நீட்டினாள்.

"ஒட்டுங்க."

"நானா? கோணிடும்."

"கோணட்டும்."

கோணித்தான் போனது. மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் பிரித்து மறுபடி தேய்க்கச் சொல்கிறவள், அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போனாள்.