வலது காதுக்கு மகள் வரவில்லை

சரஸ்வதி பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, டொரண்டோவிலிருந்து மகள் லேப்டாப்பில் வந்தாள். முகம் வந்தது. இடது காதில் குரலும் தெளிவாக வந்தது. வலது காது மட்டும் சுத்தமாக அடைத்துவிட்டது. அது போனால் என்ன என்று விட்டுவிட முடியாது. என் காதில் மாட்டும் அந்த வயரில்லாத ஜோடியில் மைக் வலது பக்கத்தில்தான் வேலை செய்யும். ஆக, அவள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவளுக்குப் போகாது.

மனைவிக்கு இது ஒரு கோளாறாகவே படவில்லை. "இப்பதான் சரியா வேலை செய்யுது, விடுங்க" என்றாள்.

ஃபோனிலேயே பேசக் கூடாதா என்று கேட்கலாம். ஃபோன் மனைவியின் ராஜ்யம். அதில் அம்மாவும் பெண்ணும் ஒரு வாரத்து உலகத்தைப் பேசி முடித்த பிறகு என் கைக்கு வரும். "சாப்பிட்டியா?" "ஆச்சுப்பா." "குளிரா?" "ஆமாப்பா." அதோடு சரி. லேப்டாப் அப்படியில்லை. அது அவள் விட்டுப்போன பழைய லேப்டாப். அதன் ஸ்பீக்கரும் மைக்கும் என்றோ நான் கொட்டிய காபியில் காலமாகிவிட்டதால், காதில் மாட்டினால்தான் அதற்கு உயிர். காதில் மாட்டுவதும் அவள் விட்டுப்போனதுதான். பெருங்குடி ஆபீசிலிருந்து மந்தைவெளி வரை பஸ்ஸில் அதை மாட்டிக்கொண்டு வருவாள். வீட்டுக்குள் நுழைந்து நான் பேசத் தொடங்கினால் ஒன்றை மட்டும் கழற்றுவாள். மரியாதைக்கு.

பாண்டி பஜாரில் ஒரு செல்ஃபோன் கடையில் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கக்கூட இல்லை. "இன்னா சார், இத்த கட்டிக்கினு அழுதுகினு கீறே? புதுசு ஒண்ணு எட்துக்கோ." அவருக்கு எப்படிச் சொல்வது? பழசையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஞாயிறுதோறும் மகளே வைத்தியம் பார்த்தாள். லேப்டாப்பில் முகம், மனைவியின் ஃபோனில் குரல். லேப்டாப்பில் ஏன் பேச முடியவில்லை என்று ஃபோனில் நிறையப் பேசினோம்.

"ப்ளூடூத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா."

"பண்ணிட்டேன்."

"லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணு."

"அதுவும் ஆச்சு. என்னையும் பண்ணணுமா?"

"உனக்கு அப்டேட் வர்றதே நின்னுபோச்சுப்பா."

அடுத்த வாரம், "லிஸ்ட்ல அது பேர் இருக்கும் பாரு, அதை ரிமூவ் பண்ணு" என்றாள். இருந்தது. அவளை நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர். என்றோ அவளே வைத்திருக்கிறாள். அழுத்தினேன். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று லேப்டாப் கேட்டது. அது வரைக்கும் என்னிடம் அவ்வளவு பண்பாக அது எதையுமே கேட்டதில்லை.

"நீக்கினா திரும்ப வருமா?"

"வரும்ப்பா. நீக்கினாதான் புதுசா சேர்க்க முடியும்."

நீக்கினேன். சேர்த்தேன். திரும்பி வந்தது, கம்பெனிக்காரன் வைத்த எழுத்தும் எண்ணுமான ஏதோ ஒரு பெயரில். வலது காது அப்போதும் செத்தே இருந்தது. அவள் போன பிறகு, பெயர் மாற்றும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பழைய பெயரை மறுபடி அடித்து வைத்தேன். கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்கும் அடுத்த வாரம், "அதை வெச்சு சார்ஜ் ஏத்துற பெட்டியைத் திறந்து கேமராகிட்ட காட்டு" என்றாள். காட்டினேன். திரையை ஒட்டி முகத்தைக் கொண்டுவந்தாள்.

"உள்ள மஞ்சளா என்னப்பா அது?"

"சந்தனம்."

"இதுக்குமா?"

"ஆயுத பூஜை இல்லையா!"

மிக்ஸி, கேஸ் அடுப்பு, ஸ்கூட்டர், என் மூக்குக்கண்ணாடி என்று எங்கள் வீட்டில் அன்று எதுவும் தப்பாது. பள்ளிக்கூட நாளிலிருந்து அது அவள் இலாகா. தீக்குச்சியின் நுனியால் தொட்டு, கடுகளவு பொட்டு வைப்பாள். அவள் போன பிறகு இலாகா என்னிடம் வந்தது. என்னிடம் இருப்பது கட்டைவிரல். இந்தப் பெட்டிக்கு ரப்பர் உறை. வெளியே வைத்தால் ஒட்டவில்லை. சரியென்று திறந்து உள்ளே வைத்தேன். வலப்பக்கம் மங்களம் என்று அங்கே தாராளமாக ஆரம்பித்ததில், இடப்பக்கம் போவதற்குள் கிண்ணம் காலி. சார்ஜ் ஏறுகிற பித்தளைப் புள்ளி அந்தச் சந்தனத்துக்கு அடியில்தான் இருந்தது.

"தீப்பெட்டி எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"மருந்தில்லாத பக்கத்தால சுரண்டு. மெதுவா."

சுரண்டினேன். காய்ந்தும் மணம் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க நீ பொட்டு வெச்சியா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் லேப்டாப்புக்கு மட்டும். குங்குமம் இல்ல, லிப்ஸ்டிக்கால வெச்சேன்."

சார்ஜ் ஏறும் வரை காத்திருந்தோம். அவள் நகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு எடுத்து மாட்டினேன்.

"கேக்குதாப்பா?"

இரண்டு காதிலும் வந்தாள். நான் பேசியதும் போனது. ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். இனி தடையில்லாமல் பேசலாம்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா. நீ?"

"ஆச்சு."

"சரிப்பா, அப்ப..." என்று அவள் கை பட்டனை நோக்கி வந்தது.

"இரு இரு. இப்ப லெஃப்ட்ல சரியா கேக்கல."

கை நின்றது. இடது பக்கத்துக்கு எந்த நாளும் ஒரு குறையும் இருந்ததில்லை என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். திரையில் என்னையே பார்த்தாள். பிறகு கம்பளியைத் தோள்வரை இழுத்துவிட்டு, தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள்.

"ஐயோ, அது பெரிய பிரச்சினையாச்சே. அம்மாகிட்டேர்ந்து ஃபோனை வாங்கிக்கோ. மொதல்லேர்ந்து வருவோம்."