ஓர் அறைக்குள் மட்டும் திறந்த பக்கம்

வலைப் பக்கத்தைக் காட்டும் சேர்வர் முதன்முதலாக உயிர் பெற்ற அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுத்திட்ட இணைப்பாளர், பெயர்ப் பட்டியலைத் தட்டச்சுச் செய்த அக்கா, சாரதி அண்ணை, நான். இல்லாதவர்கள், அந்தச் சேர்வர் யாருக்காக என்று சொல்லப்பட்டதோ அவர்கள் எல்லோரும். இலுப்பைக்கடவைக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில், கடற்கரையோரமாகத் தரப்பாள் கூடாரம் கட்டிக் குடியிருந்த குடும்பங்களில் ஒருவரையும் அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரேயொரு வரி, வேலை செய்கிறது என்று. இணைப்பாளர் என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லித் தன் போனில் படம் எடுத்தார். பிறகு போனை என்னிடம் தந்து, தான் கதிரையில் இருந்து விசைப்பலகையில் கை வைத்திருக்கிற மாதிரி இன்னொன்று எடுக்கச் சொன்னார். அந்த இரண்டாவது படம்தான் கொழும்புக்குப் போனது.

நான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள். அப்பா வயல் கூலி. இந்தியாவில், அகதி முகாமுக்குள் இருந்துகொண்டு கணினியில் டிப்ளோமா முடித்து, சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியபோது, அந்தச் சான்றிதழை மதித்த ஒரே இடம் வீட்டுத்திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்தின் இந்தக் கந்தோர்தான். அதற்காக இணைப்பாளரை நான் கும்பிடாத குறை. அவர் கூப்பிட்டால் ஓடுவேன். அவர் சொன்னதை இரண்டு தரம் கேட்கமாட்டேன். இப்போது நினைக்கும்போது அவர்மேல் வருகிற கோபத்தில் பாதி, அப்படி ஓடிய என் கால்கள்மேல் வருகிறது.

வேலை என்னவென்றால், வீடு கிடைக்கப்போகிறவர்களின் பட்டியலை ஒரு வலைப் பக்கத்தில் போடவேண்டும். கந்தோரின் கம்பத்திலிருந்து இலுப்பைக்கடவை ஊர்ச் சங்கக் கட்டடத்தின் கம்பத்துக்குக் கம்பியில்லாத் தொடர்பு ஒன்று இருந்தது. அங்கே ஒரு கணினி. சனங்கள் அதில் பட்டியலைப் பார்த்து, பெயர் இல்லாவிட்டால் பதினான்கு நாளுக்குள் ஆட்சேபனை எழுதித் தரவேண்டும். பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அது ஒளிவுமறைவில்லாத வேலையாகத் தெரியும். பட்டியலைத் தாளில் அடித்துக் கோயில் சுவரில் ஒட்டினால் போதாதா என்று அக்கா கேட்டார். "அது பழைய முறை" என்றார் இணைப்பாளர்.

எங்களுக்குக் கிடைத்த கணினியோ யாரோ கழித்துவிட்டது. அதிலிருந்த லினக்ஸ் இயங்குதளமும் பழையது. டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் இணையம் கொஞ்சம் வரும், வந்ததும் போய்விடும். தயாராகக் கட்டிய சேர்வர்ப் பொதியை இறக்கலாம் என்று பார்த்தால், அது வேறு பத்துப் பொதிகளைக் கேட்டது. கடைசியில் மன்னார் நகரத்தில் ஒரு கணினிக் கடைக்காரரிடமிருந்து சேர்வரின் மூல நிரலைச் சீடியில் எழுதி வாங்கிவந்தேன். மூல நிரல் என்றால் சமைத்த சோறு இல்லை, நெல். அவித்து, குத்தி, புடைத்து நீங்களே ஆக்கவேண்டும். முதலில் ஒரு கட்டளை, அது உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பதுபோல விசாரிக்கும். எது இல்லையோ அந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு நூலகக் கோப்பு இல்லையென்று நின்றது. பஸ் ஏறி மன்னாருக்குப் போய் அதை எழுதி வந்தேன். அடுத்த நாள் இன்னொன்று இல்லையென்று நின்றது. திரும்பவும் பஸ். மூன்றாம் தரம் விசாரணை முடிந்து, உண்மையான கட்டுதல் தொடங்கியபோது திரையில் வரிகள் இறங்கத் தொடங்கின. சாரதி அண்ணை வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன இந்தியாத் தம்பி, உள்ளுக்க மழை பெய்யுது போல."

"கொம்பைல் ஆகுது அண்ணை."

"எப்ப விடும்?"

"பின்னேரம் ஆகும்."

"அப்ப குடை கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சிரித்தார். கரண்ட் இரண்டு தரம் போய், இரண்டு தரமும் திரும்பத் தொடங்கினேன். பின்னேரம் நான்கு மணிபோல மழை விட்டது.

அதன் பிறகுதான் ஒழுங்கமைவுக் கோப்பு. சில நூறு வரிகள். எந்தக் கோப்புறையிலிருந்து பக்கத்தை எடுக்கவேண்டும், யாரை உள்ளே விடலாம், எந்த வாசலில் காது கொடுத்து நிற்கவேண்டும் எல்லாம் அதில்தான். இணைப்பாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "முதல் என்ர கண்ணுக்கு மட்டும் தெரியட்டும் தம்பி. நான் பாத்துச் சரி எண்டு சொன்னாப் பிறகு வெளியில விடலாம்." அதற்கு ஒரு வரி போதும். இந்தக் கணினியிலிருந்தே யாராவது தட்டினால் மட்டும் பதில் சொல், வெளியிலிருந்து யார் தட்டினாலும் பேசாமல் இரு என்கிற வரி. எழுதினேன். அந்தக் கணினி அவருடைய அறையில் இருந்தது. திரையில் அந்த ஆங்கில வரி வந்தது. படம் எடுத்தார். பிளேன்டியும் பணிஸும் வந்தன. மற்றவர்கள் போன பிறகு பென் டிரைவ் ஒன்றைத் தந்தார். தான் திருத்திச் சுத்தமாக்கிய பட்டியல் என்றார். அதைப் போட்டேன். ஒழுங்கமைவுக் கோப்பின் நூற்றுக்கணக்கான வரிகளை எழுத்தெண்ணி வாசித்தவன், அந்தப் பட்டியலின் பெயர்களை ஒரு தரம் வாசிக்கவில்லை.

"சேர், இனி வெளியில திறந்து விடட்டோ? ஒரு வரிதான் மாத்தவேணும்."

"வேலை செய்யிறதில கை வைக்காதை. நான் கொழும்பால வந்த பிறகு பாப்பம்."

அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் அறிவித்தல்கள் அடுத்த நாளே கோயில் சுவரிலும் சங்கத்திலும் ஒட்டப்பட்டன. பட்டியல் வலைப் பக்கத்தில் உள்ளது, இன்றிலிருந்து பதினான்கு நாட்கள். பட்டியலை ஒட்டுவது பழைய முறை. பட்டியல் இருக்கிறது என்று ஒட்டுவது புதிய முறை.

நான்காம் நாள் அக்கா என் மேசைக்கு வந்தார். முதல்நாள் பூசை முடிந்து நேரே சங்கத்துக்குப் போயிருந்தார்.

"தம்பி, உன்ர பக்கம் அங்க திறக்குதில்லை. எட்டுப் பத்துச் சனம் வரிசையில நிண்டு வெள்ளைத் திரையைப் பாத்திட்டுப் போகுதுகள். ஒரு அம்மா கேக்கிறா, இதில ஆரின்ர பேர் பிள்ளை இருக்கெண்டு."

இணைப்பாளருக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் நிற்கிறேன் என்றார். "நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வைக்காதை."

இங்கேதான் நான் சொல்லியாகவேண்டியது ஒன்று இருக்கிறது. மூல நிரல் சீடி என் மேசை லாச்சிக்குள் இருந்தது. பட்டியலின் பிரதி, அவர் தந்த பென் டிரைவில், என்னிடம் இருந்தது. என் மேசைக் கணினியிலேயே இன்னொரு சேர்வரைக் கட்டி, இந்தமுறை அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால், அன்று பின்னேரமே சங்கத்தில் பக்கம் திறந்திருக்கும். யாருடைய திறப்பும் தேவையில்லை. எனக்கு அது தெரியும். ஒரு கிழமை, ஏழு நாள், தெரிந்துகொண்டே இருந்தேன். கை வைக்காதே என்றவரின் குரல் ஒரு பக்கம், அப்பா என் முதல் மாதச் சம்பளக் கடிதத்தை மடித்து, சுவரில் தொங்கிய ஞானப்படச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்தது ஒரு பக்கம். பயம் என்பது அவ்வளவு பெரிய சாமான் இல்லை. ஒரு கடிதத்தின் அளவுதான் இருக்கும்.

பதினோராம் நாள் கட்டினேன். இப்போது எது எது இல்லையென்று நிற்கும் எனத் தெரிந்திருந்ததால், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அக்கா தன் கணினியில் புதிய விலாசத்தை அடித்தார். பட்டியல் திறந்தது. மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனவர், திரும்ப மேலே போய் வாசித்தார்.

"செ. அந்தோனியம்மா ஒராள்தான் நிக்கிறா. நான் மூண்டு பேர் அடிச்சனான்."

அந்தக் கடற்கரைக் குடியிருப்பில் கோயில் அந்தோனியாருடையது. பாதிச் சனத்துக்கு அவருடைய பெயர்தான். செபமாலையின் பெண்சாதி அந்தோனியம்மா, செபஸ்தியானின் பெண்சாதி அந்தோனியம்மா, செல்வராசாவின் பெண்சாதி அந்தோனியம்மா. மூவரும் விதவைகள், மூவருக்கும் முதலெழுத்து ஒன்று. அடையாள அட்டைகள் இடப்பெயர்வில் தொலைந்தவை தொலைந்தவைதான். ஊரில் ஒருவரும் இவர்களை மாறிப் பிடிப்பதில்லை, கிணற்றடி அந்தோனியம்மா, பனையடி அந்தோனியம்மா, வாடியடி அந்தோனியம்மா என்றால் தீர்ந்தது. அக்கா அதையும் பெயருக்குப் பக்கத்தில் அடித்துத்தான் கொடுத்திருந்தார். இணைப்பாளர் அந்தச் சொற்களை அழித்துவிட்டார். அழித்ததும் மூன்று பெயரும் ஒரே பெயராகின. ஒரே பெயர் மூன்று தரம் வந்தால் இரண்டு பொய் என்று, முதலில் நின்ற கிணற்றடி அந்தோனியம்மாவை விட்டு மற்ற இரண்டையும் வெட்டிவிட்டார். பட்டியல் முழுக்க இப்படியே போய், வெட்டுப்பட்டவை ஏழு குடும்பங்கள். அவற்றில் ஒன்று பனையடி அந்தோனியம்மா. அவர் அக்காவின் அம்மா.

அக்கா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சங்கத்துக்குப் போன் எடுத்து, புதிய விலாசத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அடுத்த இரண்டு நாளும் சனங்கள் போய்ப் பார்த்தார்கள். ஏழு ஆட்சேபனைக் கடிதங்களையும் அக்காவே எழுதி, கைநாட்டு வாங்கி, பதின்மூன்றாம் நாள் கந்தோர்ப் பதிவேட்டில் ஏற்றினார்.

பதினைந்தாம் நாள் இணைப்பாளர் வந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இருக்கச் சொல்லவில்லை. கடிதங்கள் மேசையில் இருந்தன.

"இது எந்தப் பக்கத்தைப் பாத்து எழுதினது?"

"நான் கட்டினது சேர். அதே பட்டியல்தான்."

"பட்டியல் அதே பட்டியல். விலாசம் வேற. எங்கட பக்கத்தில ஆட்சேபனை ஒண்டும் வரேல்லை எண்டு நான் நேற்றே எழுதி அனுப்பிட்டன்."

"எங்கட பக்கத்தை ஒருத்தரும் பாக்கேல்லையே சேர். அது இந்த அறைக்குள்ள மட்டும்தான் திறக்கும்."

"நான் பாத்தனான். கொழும்பில எல்லாரும் படம் பாத்தவை. வேலை செய்யுது எண்டு அதில எழுதியே கிடக்கு."

அந்தப் படத்தில் ஒரு பெயர்கூட இல்லை. அதை நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அக்கா பேசினார். குரல் உயரவில்லை.

"சேர், மூண்டு அந்தோனியம்மாவும் மூண்டு அடுப்பில சமைக்கினம். வந்து பாருங்கோ. ஒரு நாள் வந்து பாருங்கோ."

"பிள்ளை, கிணத்தடி, பனையடி எண்டு நான் வெளிநாட்டுக்கு எழுதேலாது" என்றார் அவர், கடிதங்களை ஏற்காமல் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு. அவருக்கு அது உண்மையாகவே ஒரு பதிலாகப் பட்டது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாதது. அவர் களவெடுக்கவில்லை, ஒரு சதம் வாங்கவில்லை. வெள்ளைச் சட்டை கசங்காமல், யாருடைய வாசலுக்கும் போகாமல், ஏழு வீடுகளை ஒரு ஒழுங்கான பட்டியலுக்காக அழித்தார். களவெடுத்திருந்தால் யாரிடமாவது முறையிட்டிருக்கலாம்.

என் வேலை அந்த மாதத்தோடு போனது. அனுமதியில்லாமல் மென்பொருள் நிறுவியது காரணம் என்று எழுதித் தந்தார்கள், அது சரிதான். இப்போது வேறு இடத்தில் இதே வேலையைத்தான் செய்கிறேன். கட்டி முடித்ததும் எழுந்து, வெளியே போய், வேறொருவரின் போனை வாங்கித் திறந்து பார்க்காமல் ஒரு பக்கத்தையும் யாரிடமும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் இதைப் பயித்தியம் என்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் குறையவேயில்லை, அந்த ஒரு கிழமைக்காக என்மேல் இருக்கிறதும் குறையக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

வெட்டுப்பட்டவர்களுக்கு அடுத்த பட்டியல் வர நான்கு மாரிக்காலம் சென்றது. மூன்றாவது மாரியில் தரப்பாளுக்குள் வெள்ளம் ஏறிய கிழமை, அக்காவின் அம்மா காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. ஏழு குடும்பங்களிலும் சேர்த்துத் தரப்பாளின் கீழ் காத்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். வீட்டுக்குள் போனவர்கள் முப்பது.