எண் காட்டாத விரல்

பன்னிரண்டு வருஷமாகச் சிவகாசியில் நர்ஸாக இருக்கிறேன். எத்தனையோ சாவு பார்த்தாச்சு. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். தாயில்பட்டி மாரிச்செல்வி எங்கள் வார்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. நிமோனியா. சீட்டில் ‘பட்டாசுத் தொழிலாளி’ என்று இருந்ததால், மருந்து நெடி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சபரிநாதன் வழக்கமான ஊசியைப் போட்டார். மூன்று நாளாகியும் காய்ச்சல் நூற்று நான்கு. எதைக் கேட்டாலும் உளறினாள்.

“நாளை வரைக்கும் தாங்குறதே பெருசு சிஸ்டர்” என்றார் டாக்டர்.

மதியம் 2.10. அவள் கட்டிலருகே ஒரு பெண் நின்றிருந்தாள். நெற்றியில் தழும்பு. பார்வையாளர் நேரமும் இல்லை.

“யாரும்மா உள்ள விட்டது?”

“இவகூட வேலை பாக்கேன். தீவாளியோட பட்டாசு ஆபீஸ் அடைச்சாச்சுல்ல? நாங்க காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். பேப்பர் காயாம இருக்க, அங்கன ஒரு மிஷின் தண்ணிய பொகையா அடிக்கும். குளுகுளுன்னு இருக்குன்னு அதுக்கு அடியிலதான் சோறு திம்போம்.”

இருமினாள். ஈர இருமல்... நெஞ்சு மட்டும் அசையவில்லை.

2.13. பழக்கதோஷத்தில் வந்தவளின் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினேன். விரல் ஜில்லென்றிருந்தது. எண் வரவில்லை. வெறும் கோடு.

பேட்டரி போச்சோ? என் விரலில் மாட்டினேன்.

98.

மறுபடி அவள் விரலில்.

கோடு...

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

ஓடிப்போய் டாக்டரிடம் காலண்டர் கம்பெனி விஷயத்தை மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். தேங்கிய தண்ணீரில் வளர்ந்து, ஈரக்காற்றோடு நுரையீரலுக்குள் போகும் லெஜியோனெல்லா கிருமி. வழக்கமான ஊசிக்கு அது அடங்காது. உடனே மருந்தை மாற்றினார். சிறுநீர்ச் சோதனையும் அதையே சொன்னது. அந்தக் கம்பெனியில் இன்னும் ஐந்து பேருக்கு அதே காய்ச்சல்.

நான்காம் நாள் மாரிச்செல்வி தெளிந்தாள். தழும்புக்காரியைப் பற்றிக் கேட்டேன். அழுதுவிட்டாள்.

“பாலம்மாக்கா... அது செத்துப் பத்து நாளாச்சே! இங்கனதான கொண்டாந்தாக.”

பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். பாலம்மாள், நாற்பத்தொன்று, நிமோனியா. ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு வந்திருப்பாள். கூட்ட நேரம். முகத்தைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. இப்போது எங்கே வேலை என்றும் கேட்கவில்லை, பாவி நான்.

தொழில்: பட்டாசு.

கையெழுத்து என்னுடையது.