இருபது தண்ணி

கடற்பாசி அவியிற மணம் தெரியுமோ? மீன் கழுவின தண்ணியும் மாரியில காயாத உடுப்பும் சேர்ந்த மாதிரி ஒண்டு... தலைமயிருக்குள்ள ஏறினா மூண்டு நாளைக்குப் போகாது. பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருந்த ஆக்கள் மெல்ல எழும்பி முன்னுக்குப் போய் நிப்பினம்.

படிச்சு முடிச்சுக் கிடைச்ச முதல் வேலை அது. கீரிமலைப் பக்கம் கரையொதுங்கிற கபில நிறப் பாசியை அள்ளி, உப்புப் போகக் கழுவி, கிடாரத்தில அவிச்சு, வடிச்சு, பயிருக்கு அடிக்கிற மருந்தாக்குற ஒரு சின்ன புரொஜெக்ட். உந்தப் பாசியில எடுக்கிற பசையை ஐஸ்கிறீமுக்கும் போடுறவை எண்டு சொன்னன். அம்மா அண்டையில இருந்து ஐஸ்கிறீம் தொடேல்லை.

ஆறு மாசக் கொன்ட்ராக்ட். ஒரு வெங்காயத் தோட்டத்தில ரிசல்ட் காட்டினா வேலை நீளும். இல்லாட்டி வீட்டைதான்.

ஆர் தோட்டம் தருவினம்?

"கடல் சாமானைத் தோட்டத்துக்குள்ள விடுறதோ? கிணறு உவரானது காணாதோ?" எண்டு கலைச்சவைதான் கனபேர். தெல்லிப்பழையில செல்வராசா அண்ணை மட்டும் ஓம் எண்டார். ஒரு கான் நிறைய மருந்து குடுத்தன். மேல மார்க்கரால "20 தண்ணிக்கு 1" எண்டு எழுதினன். இருபது கப் தண்ணிக்கு ஒரு கப் மருந்து... எனக்கு அது அவ்வளவு தெளிவு!

கிழமைக்கு ரெண்டு தரம் ஸ்கூட்டியில ஓடுவன். தாள் நுனி கருகுதோ, மஞ்சளடிக்குதோ எண்டு குனிஞ்சு குனிஞ்சு பாத்து இடுப்பு முறிஞ்சது. சாப்பாடு இறங்காது. ஒரே அந்தரம்.

"மருந்து எப்பிடி அண்ணை?"

"நீ சொன்னபடிதான் பிள்ளை."

வெங்காயம் அப்பிடி ஒரு செழிப்பு. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியால எட்டிப் பாக்கத் தொடங்கிட்டினம்.

வெங்காயம் கிண்டி அறுவடை செய்யிற நாள். புரொஜெக்ட் பெரியாக்கள் கமராவோட வருகினம். படத்துக்கு வைக்க, தண்ணி இறைக்கிற மெசின் கொட்டிலுக்குள்ள போய்க் கானைத் தூக்கினன்.

பாரம்.

சீல் கூட உடைக்கேல்லை.

"அண்ணை... இதென்ன?"

"ஏன், இருபதாம் தண்ணிக்குத்தானே அடிக்கச் சொன்னனீ? பத்தொன்பது தண்ணி இறைச்சுப்போட்டன். அதுக்குள்ள உங்கட ஆக்கள் கிண்டச் சொல்லிப்போட்டினம்."

தோட்டக்காரனுக்குத் தண்ணி எண்டா ஒரு இறைப்பு. தோட்டக்காரர் ஊரில பிறந்து வளந்த எனக்கு இது மண்டையில ஏறேல்லை. என்ரை படிப்பைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள போட!

சொல்லுவமோ, விடுவமோ... வாயைத் திறக்க முதல் வந்திட்டினம். "இந்த விளைச்சலுக்கு என்ன செய்தனீங்கள் ஐயா?" எண்டு ஒருத்தர் கேட்டார். அண்ணை என்ரை முகத்தை ஒருக்காப் பாத்தார்.

"இந்தப் பிள்ளை சொன்னபடிதான் எல்லாம் செய்தனான்."

எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினன்.

வேலை நீண்டது. அடுத்த போகம் அந்த ஊரில கனபேர் மருந்து கேட்டுச்சினம். இந்த முறை வாளியும் கப்பும் கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டிலயும் நானே கலந்து காட்டினன். நல்ல காலம், மருந்து உண்மையாவே வேலை செய்தது. வேரும் தாளும் அப்பிடி.

இப்ப எல்லாம் மெசினில. மணமே வெளியில வராது. லேபிளில மில்லிலீற்றர் கணக்கு அச்சடிச்சுக் கிடக்கு, ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. ஸ்கூட்டியில புழுதி குடிச்ச காலம் சில நேரம் ஆசையாக் கூடக் கிடக்கும்.

போன மாசம் கொடிகாமம் சந்தையில அண்ணையைக் கண்டன். இவ்வளவு வருசமாத் தொண்டைக்குள்ள கிடந்ததைக் கேட்டன்.

"எனக்காக ஏன் அண்டைக்குப் பொய் சொன்னனீங்கள்?"

அவருக்கு உண்மையாவே விளங்கேல்லை.

"பொய்யோ? நீ எழுதித் தந்தபடிதானே பிள்ளை நான் செய்தனான்? நான் என்ன பொய் சொன்னனான்?"

சரிதான். அவர் ஒரு பொய்யும் சொல்லேல்லை. "கடற்பாசி மருந்து பாவித்த முதல் தோட்டம்" எண்டு அண்டு பின்னேரமே ரிப்போர்ட் எழுதினது நான்.

அப்ப வேலை போயிடும் எண்டு இருப்புக் கொள்ளேல்லை. இப்ப வேலை நிரந்தரம்... இருப்பு இன்னும் கொள்ளேல்லை.