சத்தம் கம்மியா ஒரு ஸ்பீக்கர்

என் கடையில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் மேல் இரண்டு குச்சிகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன். ஒன்று சிவப்பு, பல காலம் கை பட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும். இன்னொன்று கருகருவென்று இருக்கும். சிவப்புக் குச்சி கொலம்பியா நாட்டிலிருந்து ஒரு கன்னியாஸ்திரியின் பெட்டியில் வந்தது. அதன் ஜோடி ஒரு வருஷம் விரிசல் விட்டுப்போக, கல்வராயன் மலையிலிருந்து அவரிடம் மருந்து வாங்க வரும் ஒருவர் அதே அளவில் ஒரு கறுப்புக் குச்சியைச் சீவி, சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் தட்டினால் டக் என்று சத்தம் வரும். அவ்வளவுதான் அவற்றின் வித்தை. அந்த டக்கை நம்பித்தான் எங்கள் ஊரில் ஒரு விழாவே நடக்கிறது. கள்ளக்குறிச்சியில் வருஷா வருஷம் லத்தீன் ஜாஸ் விழா நடக்கிறது என்று வெளியூரில் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. முதலில் கேட்டபோது நானும் அப்படித்தான் பார்த்தேன்.

நான் மைக் செட் கடை வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கரும் ட்யூப் லைட்டும் நாற்காலியும் கொடுப்பேன். என் தொழிலில் வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட கடைக்கு ஒரு மத்தியானம் சாம்பல் நிறப் புடவையும் ரப்பர் செருப்புமாக ஒரு வயதான சிஸ்டர் வந்து நின்று, "தம்பி, சத்தம் கம்மியா வர்ற ஸ்பீக்கர் இருந்தா குடு" என்றார். மடத்தில் யாருக்கோ தலைவலி என்று நினைத்தேன். இல்லையாம், பாட்டுக் கச்சேரியாம். கச்சேரிக்கு எதற்கு சத்தம் கம்மி என்று கேட்டேன். "வாசிக்கிறவங்க சத்தம் கேக்கணும்பா. உன் பொட்டி சத்தம் எதுக்கு எனக்கு?" என்றார். பல வருஷத் தொழிலில் என்னை அப்படி ஒருவரும் வாரியதில்லை.

அவர் களமருதூரில் நெல் பயிரிடுகிற ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சின்ன வயதில் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படித்து, கொலம்பியாவுக்கு அனுப்பப்பட்டு, பாதி ஆயுளை அங்கே கழித்தவர். அங்கே இருந்த காலத்தில் நம் பேச்சு பேச ஆள் இல்லாததாலோ என்னவோ, புறப்பட்டபோது இருந்த களமருதூர்த் தமிழ் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. திரும்பி வந்ததும் கருணாபுரத்துக்கு அருகில் மடத்தின் சின்ன மருந்தகத்தை அவர் பொறுப்பில் விட்டார்கள். புரட்டாசி மாதம் அது. புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. கருணாபுரத்து பேண்டு செட்காரர்கள் சிவப்பு உடுப்பை ஆணியில் மாட்டிவிட்டு, வேறு கூலி வேலை கிடைக்காத நாட்களில் மருந்தகத்து வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே தன் போனில் அந்த ஊர்ப் பாட்டைப் போட்டுவிடுவார். ட்ரம்பெட்டும் பியானோவும், அவற்றுக்கு அடியில் கையால் அடிக்கிற நாலைந்து விதமான கொட்டுகளும், எல்லாவற்றையும் கட்டி இழுத்துப் போகிற குச்சித் தாளமும். ஒரு நாள் பேண்டு மாஸ்டர் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "இதுல இன்னாங்க புதுசு? நம்ம சாவு அடிதான். கொஞ்சம் சிரிச்சிக்கினு வருது." அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான் எல்லாம் என்று சிஸ்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

முதல் வருஷ விழா, கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மேடை என் கைங்கரியம். எதிரே நாற்காலிகள். லத்தீன் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கோயிலைச் சேர்ந்த பெரியவர்கள் பழைய காலத்து லத்தீன் பூசை என்று எண்ணிக்கொண்டு ஜெபமாலையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். சிஸ்டருக்கு ஒரு ஆசை. கல்யாண மண்டபத்து வாசலோடு நிறுத்திவிடுகிற இந்த மனிதர்களை ஒரு நாளாவது நாற்காலி போட்டு உட்காரவைத்து, எதிரே ஊரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்களும் உட்கார்ந்தார்கள், பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. ஆனால் வாசிப்பு வரவில்லை. மரத்தடியைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகியபோது அத்தனை அழகாக வந்தது மேடையில் இழுத்துக்கொண்டு கிடந்தது. பிறந்ததிலிருந்து நடந்தபடியே வாசித்த ஆட்கள். கால் நின்றால் கை எங்கே ஓடும்? பெரிய டிரம் அடிக்கிற அண்ணன்தான் முதலில் பொறுமையிழந்தார். வாரைத் தோளில் மாட்டி எழுந்து, படியில் இறங்கி, நடக்க ஆரம்பித்துவிட்டார். டிரம் போனால் மற்றவர்கள் இருப்பார்களா? ட்ரம்பெட், கிளாரினெட், சைட் டிரம் எல்லாம் பின்னாலேயே இறங்கின. வாசிப்பும் அப்போதுதான் பிடித்துக்கொண்டது. கேட்க வந்தவர்கள் நாற்காலியை விட்டுவிட்டுப் பின்னால் போனார்கள், ஜெபமாலைப் பெரியவர்கள் உட்பட. காலி மேடையில் என் மைக்குகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. "யோவ், மைக் இங்க இருக்குய்யா!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தின் நடுவில் சிஸ்டர் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, குச்சிகளைத் தட்டியபடி, சின்னப் பெண்போலச் சிரித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் லத்தீன் ஜாஸ் நடந்துதான் போகும். மறு வருஷம் குட்டியானை வண்டியில் ஸ்பீக்கரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டேன். நான் கையில் கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்து சிஸ்டரின் குச்சியை ஒட்டி நடக்க வேண்டும். அதுதான் எனக்கு ஏற்பட்ட வேலை. எல்லா வருஷமும் அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னது ஒன்றுதான்: "கம்மி பண்ணு தம்பி." முதல் வருஷம் கோழி பிரியாணி போட்டதில், புரட்டாசி என்பதால் பாதிப் பேர் கை நனைக்காமல் போய்விட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து காய்கறி பிரியாணி. விழா முடிகிறவரை ஒருத்தரும் குடிக்கக் கூடாது என்று சிஸ்டர் கண்டிஷன் போட்டார். அதை மீறியவர்களும் உண்டு. அவர் கோபப்பட்டால் ஸ்பானிஷில் திட்டுவார். அர்த்தம் புரியாததால் இன்னும் பயமாக இருக்கும். கொரோனா காலத்தில் நின்றது போக, வருஷம் தவறவில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் வேறு பேண்டு செட்காரர்கள் தாங்களாக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஊர்வலம் மைதானத்தில் புறப்பட்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கருணாபுரத்துக்குள் நுழைந்து திரும்பும். அங்கேதான் டிரம் அண்ணன் வீடு. வருஷம் தவறாமல் அந்த வீட்டுக்கு முன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். ஊரெல்லாம் அதிர அடித்துக்கொண்டு வருகிற மனுஷன் சொந்த வீடு வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். வெட்கம். வாசலில் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சித்தாள் வேலை பார்க்கிறவர், வாயும் அதற்கேற்றது. "இன்னா, கை வலிக்குதா? ஊருக்கெல்லாம் அடிக்கிற, எங்க வூட்டாண்ட வந்தா மட்டும் கை வலிக்குதா?" என்று கேட்பார். தெருவே சிரிக்கும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு அடி பலமாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அண்ணி ஊர்வலத்தில் ஒரு வருஷமும் வந்ததில்லை. வாசிப்பு முடிந்தபின் ஆம்பளைகள் எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

பிறகு அந்த ஆனி மாதம் வந்தது. கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதை விவரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாவுக்கு நாற்காலி கொடுக்கிறவன் நான். அந்த நாட்களில் என் கடையில் ஒரு நாற்காலி மிச்சமில்லை. ஒரு வீட்டில் போட்டதை எடுத்து அடுத்த வீட்டில் போட்டேன். போனவர்களில் எங்கள் டிரம் அண்ணனும் ஒருவர். சாவு வீடுகளுக்கெல்லாம் வாசித்தவருக்கு வாசிக்க அன்று யாருக்கும் கை வரவில்லை. சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கும் வீடுகளுக்குமாக அலைந்தார். அழுது நான் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

புரட்டாசி நெருங்கியதும் விழா வேண்டாம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. பேண்டு மாஸ்டரே வேண்டாம் என்றார். வேறு ஒரு சிக்கலும் இருந்தது. விழா ஊர்வலம் போகிற வழியில் துக்க வீடு வந்தால் பேண்டு நிற்க வேண்டும். தாண்டிப் போன பிறகுதான் மறுபடி எடுக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத வழக்கம், யாரும் மீறவும் மாட்டார்கள். ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு நிறுத்தி எந்த வீட்டுக்கு எடுப்பது? வழியை மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவங்க வூட்டாண்ட போவ முடியலன்னா, அப்புறம் யாருக்குப்பா இந்த விழா? இதோட வுட்டுடலாம்" என்றார். அண்ணியிடம் போய்க் கேட்டார். "உங்க இஷ்டம் சிஸ்டரம்மா" என்று மட்டும் சொல்லி, அண்ணி பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டாராம். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. சிஸ்டர் அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை என்று மடத்தில் சொன்னார்கள். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டால் அதுதான் கடைசி விழா என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

புறப்பட்டோம். பஸ் ஸ்டாண்டு வரை வாசித்தோம் என்று பெயர். அண்ணனின் பெரிய டிரம்மை விட்டுவிட்டு வர யாருக்கும் மனமில்லாமல் என் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அடிக்கத்தான் ஆள் இல்லை. கருணாபுரத்துத் தெருமுனையில் மாஸ்டர் கையை உயர்த்தினார். எல்லா வாத்தியமும் நின்றன. நான் ஜெனரேட்டரையும் நிறுத்தினேன். சிஸ்டரின் குச்சி மட்டும் நிற்கவில்லை. டக், டக், டக். கொஞ்சம் விட்டு, டக் டக். அந்தத் தாளத்துக்கு அத்தனை பேரும் சத்தமில்லாமல் நடந்தோம். வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். டிரம் அண்ணன் வீடு வந்தபோது கதவு திறந்திருந்தது. அண்ணி எப்போதும்போலக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சிஸ்டரின் குச்சி அங்கே நின்றுவிட்டது. அது நடுவில் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணி எங்களைப் பார்க்கவில்லை. வண்டியில் இருந்த டிரம்மைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பழைய குரலில் இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "இன்னா, கை வலிக்குதா?"

மாஸ்டர் ட்ரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் வண்டிப் பக்கம் திரும்பி, ஒயரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். அண்ணி தெருவில் இறங்கி வந்து, சிஸ்டரிடம் கையை நீட்டி, "குடுங்க சிஸ்டரம்மா" என்றார். குச்சிகளை வாங்கித் தட்டினார். துளி பிசகவில்லை. எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டு, எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. சிஸ்டர் ஆச்சரியப்பட்டு நிற்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "வருசம் பூரா சோத்துத் தட்டுல இதையேதான தட்டிக்கினு இருப்பாரு. துன்னுட்டுத் தட்டுய்யான்னு கத்துவேன்." தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்து, "நின்னுக்கினு இருந்தா? வாசிங்க" என்றார். அந்தத் தெருவில், அத்தனை துக்க வீடுகளுக்கு நடுவில், பேண்டு வாசித்துக்கொண்டே போனது. வழக்கத்தை மீறிவிட்டோம் என்று ஒரு வாசலிலிருந்தும் குரல் எழவில்லை. சில பெண்கள் இறங்கி வந்து அண்ணியோடு நடந்தார்கள். மாஸ்டர் சொன்ன சாவு அடி அதுதான். அன்று அது சிரித்ததா அழுததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. வயதான கன்னியர்கள் தங்குகிற மடம், வேறு மாவட்டம். பெட்டியில் போக வேண்டிய குச்சிகளை என் ஆம்ப்ளிஃபையர் மேல் வைத்துவிட்டு, "இத எடுத்துக்கினு போனா அங்க யாருக்குப்பா தட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு மனுஷியின் குரல் இல்லாமல் கடை இவ்வளவு அமைதியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் விற்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இன்றைக்குப் புரட்டாசி ஞாயிறு, விழா நாள். காலையிலேயே அண்ணி வந்து குச்சிகளை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். டிரம்மை இப்போது உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த ஒருவர் அடிக்கிறார். சாயங்காலம் கருணாபுரத்துத் தெருவில் நுழையும்போது சிஸ்டருக்கு போன் போட்டேன். அண்ணன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் நிற்கிறவர்தான் முன்னால் நடந்து போகிறாரே. போனை அண்ணியின் குச்சிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். பழக்கதோஷம், அவர் சொல்லுமுன்பே இன்னொரு கையால் பக்கத்தில் ஊர்ந்துவந்த வண்டியில் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

"தம்பி, எங்க கீறீங்க இப்ப?" என்று கேட்டார் சிஸ்டர்.

"அண்ணன் வூட்டாண்ட சிஸ்டர்."

போனைக் குச்சிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன். சிஸ்டர் சொன்னார்: "ஜாஸ்தி பண்ணுப்பா."