பச்சைப் பெயின்ட்டும் பால் பானையும்

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் பால்கனிக் கதவு திறக்கவே திறக்காது. பச்சைக்குக் கீழே மண்ணிறம், அதற்கும் கீழே வெள்ளை என்று பெயின்ட் தடித்து, நிலையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. இத்தனை வருடம் இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரில், அடுத்தவர் வீட்டுக் கதவுகளைத் துடைத்தவள் நான். என் கதவைத் திறந்து வைத்துத்தான் பால் காய்ச்சுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஊரிலிருந்து குறித்து அனுப்பிய நல்ல நேரம் வெள்ளிக்கிழமை காலை.

பெயின்ட் கடையில் வாங்கிய சோதனைக் குச்சியைக் கதவில் தேய்த்ததும் சிவந்தது. ஈயம். சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடும் காட்டாதீர்கள், அந்தத் தூளும் புகையும் உடம்புக்குள் போகக்கூடாது என்றார் கடைக்காரர். ஆகவே கூழ் மாதிரியான மருந்தைப் பூசி, பெயின்ட் சுருங்கி எழும்பியதும் ஈரத்தோடு சுரண்டினோம். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, கையில் உறை. விழுந்ததை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டினோம். முகமூடிக்குள்ளிருந்து என் கணவர் கதைத்தது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. கல்யாணமான பிறகு அவ்வளவு சமாதானமாக நாங்கள் வேலை செய்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கீழ்ப்பலகை மட்டும் மிச்சம் இருந்தது. பொறுமையில்லாமல் அதற்கும் மருந்தைப் பூசிவிட்டேன். கணவர் சின்ன காஸ் அடுப்பையும் புதுப் பானையையும் கொண்டுவந்து வைத்தபோதுதான் மருந்து டப்பாவில் இருந்த நெருப்புப் படம் என் கண்ணில் பட்டது.

"ஐயோ, பத்தவைக்காதேங்கோ! இந்த மணத்துக்குள்ளை நெருப்புக் காட்டினால் வீடே எரிஞ்சுபோம்!"

"நல்ல நேரம் முடியப்போகுது. இஞ்சை இல்லாட்டி எங்கை காய்ச்சிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் சொந்த வீடு. அதில் பால் பொங்காமல் போனால் எப்படி?

அவர் கொஞ்சம் யோசித்தார். "கீழை முற்றத்திலை எங்களுக்கும் பங்கு இருக்குத்தானே? அதுவும் எங்கடை வீடுதான். வாரும்."

முற்றத்தின் நடுவில் பானையை வைத்தோம். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. பால் நுரைத்து ஏறி விளிம்பைத் தொடப்போன நேரம், கீழ்வீட்டுச் சின்யோரா, அந்த இத்தாலிய அம்மா, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார். ஏறிய பால் அப்படியே இறங்கிப்போனது. நல்லவேளை, உங்கள் பாலைக் காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பால் வழிய வேண்டும், வழிந்தால்தான் புது வீட்டில் எல்லாம் நிறையும் என்று கணவர் தன் உடைந்த இத்தாலியனில் விளக்கினார். சின்யோரா என் முகத்தைப் பார்த்தார். உடனே தானே அடுப்பைப் பற்றவைத்தார். மேலே நின்றவர்களை அண்ணாந்து பார்த்து, ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்று கட்டளையும் போட்டார்.

பால் மறுபடி ஏறியது. நேரம் முடிய முன்னரே நாலு பக்கமும் வழிந்தது. பால்கனியெல்லாம் கைதட்டல். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் கடைசிப் பலகையையும் சுரண்டித் துடைத்தோம். உள்ளே இருந்தது தேன் நிற மரம். கதவு இப்போது பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. சின்யோராவின் அடுப்பில் பால் வழிந்தால் அவர் அணைக்க ஓடுவதில்லை. முதலில் முற்றத்துக்கு வந்து என்னைத்தான் கூப்பிடுகிறார்.